கெண்டைக் கொடியும் மெழுகுத் தாளும்

மே மாதம் பிறந்தால் ஜப்பானில் வீட்டு வாசல்களில் மீன்கள் பறக்கும். உயரமான ஒரு கம்பம், அதில் கட்டிய துணிக் கெண்டைகள். வாய் எப்போதும் திறந்தே இருக்கும். காற்று உள்ளே புகுந்தால் உடல் உப்பி வால் துடிக்கும். காற்று விழுந்தால் கொடியில் காயப்போட்ட சட்டைபோலத் துவண்டு தொங்கும். மே 5 பிள்ளைகளின் திருநாள். கெண்டை எதிர்நீச்சல் போட்டு அருவி ஏறும் மீன் என்பது அங்குள்ள நம்பிக்கை. பையன் அப்படி வளரவேண்டும் என்று பெற்றவர்கள் கட்டுகிற மீன் அது.

1964 மே மாதம் ஷிஸுஒகா மாகாணத்தின் நுமாஸு நகரில் நூற்றுக்கணக்கான பள்ளி மாணவர்கள் இந்த மீன்களைப் பார்த்துக்கொண்டே தெருத்தெருவாக நடந்தார்கள். எல்லோரும் நுமாஸு தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். மீனின் நிறமோ அழகோ அவர்களுக்குப் பொருட்டில்லை. எந்த இடம், எத்தனை மணி, வால் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ஊருக்குள் வரவிருந்த ஒரு பிரம்மாண்டமான பெட்ரோலிய ரசாயன ஆலை வளாகத்தின் புகை, வந்தால் யார் வீட்டுக்குள் நுழையும் என்பதுதான் அவர்கள் விடை தேடிய கேள்வி.

கருவி வாங்கக் காசில்லாத குறையை ஒரு பண்டிகை தீர்த்துவைத்தது என்று இந்தக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் பள்ளிப் பிள்ளைகளை ஊருக்குள் அனுப்பி, கண்டதைக் கண்டபடி எழுதிவரச் சொல்கிற பழக்கம் ஜப்பானில் அந்த மே மாதம் முளைத்ததில்லை. அதற்கு அப்போதே ஏறக்குறைய அரை நூற்றாண்டு வயது. அந்தப் பழக்கத்துக்காக வாத்தியார்கள் சிறைக்கும் போயிருக்கிறார்கள்.

பழைய ஜப்பானியப் பள்ளியில் கட்டுரை எழுதுவது என்றால் நல்ல கட்டுரை ஒன்றைப் பார்த்து அதே நடையில் இன்னொன்று செய்வது. வசந்தம் வந்தது, செர்ரி பூத்தது, மனம் மகிழ்ந்தது. பசுவைப் பற்றிப் பத்து வரி எழுதிய நமக்கும் இது தெரியாததில்லை. 1918இல் சுசுகி மியெகிச்சி என்ற எழுத்தாளர் ‘சிவப்புப் பறவை’ என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறுவர் பத்திரிகை தொடங்கினார். பிள்ளைகளே எழுதி அனுப்புங்கள், பார்த்ததைப் பார்த்தபடி, பேசுவதைப் பேசுகிறபடி எழுதுங்கள் என்று கேட்டார். வந்தவற்றில் தேர்ந்தெடுத்து அச்சிட்டார். கிராமத்து வட்டாரப் பேச்சு பள்ளிக் கட்டுரைக்குள் நுழைந்தது இப்படித்தான்.

ஆனாலும் அது பெரும்பாலும் பட்டணத்து வசதியான வீடுகளின் பத்திரிகை. வடகிழக்கின் தொஹோக்கு பகுதியில் நிலைமை வேறு. அங்கே கோடை குளிர்ந்துபோனால் நெற்கதிர் பால் பிடிக்காது. 1931இலும் 1934இலும் அப்படித்தான் ஆனது. கடனுக்குப் பெண் பிள்ளைகளை விற்ற வீடுகள் இருந்தன. அந்தப் பிள்ளைகளை எதிரே உட்காரவைத்துக்கொண்டு செர்ரிப் பூவைப் பற்றி எழுது என்று சொல்ல இளம் ஆசிரியர்களுக்கு நா எழவில்லை. 1930இல் அகிடா மாகாணத்தில் சிலர் சேர்ந்து ‘வடக்குக் கல்வி’ என்ற இதழைத் தொடங்கியிருந்தார்கள். அவர்களும் அவர்களைப் போன்றவர்களும் வகுப்பில் கேட்டது இதுதான்: உன் வீட்டில் என்ன வேலை நடக்கிறது, யார் செய்கிறார்கள், என்ன கிடைக்கிறது? இதற்கு ‘வாழ்க்கையை எழுதுதல்’ என்று பெயர் வந்தது.

இந்த இயக்கத்தின் நிஜமான அச்சகம் ஒரு மரப்பெட்டிக்குள் அடங்குவது. 1894இல் ஹொரீ ஷின்ஜிரோ என்பவர் உருவாக்கிய கையச்சுக் கருவி. மெழுகு பூசிய தாளை அரம்போலச் சொரசொரப்பான இரும்புத் தகட்டின்மேல் வைத்து, எஃகு முனைப் பேனாவால் எழுதினால் எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு உதிரும். மேலே மை உருளையை ஓட்டினால் கீழே உள்ள காகிதத்தில் பிரதி. சைக்ளோஸ்டைல் கேள்வித்தாளை முகர்ந்து பார்த்திருக்கிற தமிழ் வாசகருக்கு அந்த மணம் நினைவிருக்கும். நம்மூர்க் கையெழுத்துப் பத்திரிகை ஒரே பிரதியாகக் கைமாறிக் கைமாறிக் கிழிந்துபோகும். இதில் வகுப்பு முழுவதற்கும் ஆளுக்கொன்று கிடைத்துவிடும். ஒரு பையன் தன் வீட்டுக் கடனைப் பற்றி எழுதியதை நாற்பது வீடுகள் படித்தன. தன் வீட்டில் மட்டும் இருப்பதாக ஒவ்வொருவரும் மறைத்துக்கொண்டிருந்தது எல்லா வீட்டிலும் இருப்பது தெரிந்தது.

போலீசும் படித்தது. 1940 தொடக்கத்தில் யமகாத்தா மாகாணத்தில் கைதுகள் ஆரம்பித்தன. பிறகு ஹொக்கைடோ தீவில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பிடிபட்டார்கள். 1925ஆம் ஆண்டின் பொது அமைதிப் பாதுகாப்புச் சட்டம் கையில் இருந்தது. வறுமையைப் பற்றி எழுதவைப்பது பிள்ளைகள் மனதில் வர்க்க உணர்வை விதைப்பது என்பது குற்றச்சாட்டு. பத்து வயதுப் பிள்ளைகளின் கட்டுரைகளை வரி விடாமல், அடிக்கோடிட்டு, அவ்வளவு சிரத்தையோடு படித்த வாசகர்கள் அவற்றுக்கு அதற்கு முன்னும் பின்னும் வாய்த்திருக்கமாட்டார்கள்.

போர் முடிந்தது. 1947இல் பள்ளிகளில் ‘சமூக அறிவியல்’ என்ற புதிய பாடம் வந்தது. அடுத்த ஆண்டு, யமகாத்தாவின் மலைகளுக்குள் இருந்த யமமொத்தோ கிராமத்து நடுநிலைப் பள்ளிக்கு ஒரு புது வாத்தியார் வந்தார். பெயர் முச்சாகு செய்க்யோ. பௌத்தக் கோயில் வீட்டுப் பிள்ளை, வயது இருபத்தொன்று. புதிய பாடப்புத்தகத்தைத் திறந்தார். கிராமங்களில் பள்ளிகள் கட்டப்பட்டு, பிள்ளைகளை நன்றாகப் படிக்கவைப்பதற்கான வசதிகள் எல்லாம் செய்யப்பட்டிருக்கின்றன என்று அது சொன்னது. தலையைத் தூக்கிப் பார்த்தார். கூரை வேய்ந்த பள்ளி. இருட்டு அறை. உடைந்த ஜன்னல் வழியே பனி உள்ளே வருகிறது. வரைபடம் இல்லை, சோதனைச் சாமான் இல்லை.

புத்தகம் பொய் சொல்கிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம். முச்சாகு அதையே பாடமாக்கினார். புத்தகம் சொல்வதற்கும் நம் கிராமத்துக்கும் இடையே ஏன் இவ்வளவு தூரம் என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னார். 43 பேர் கொண்ட அந்த வகுப்பு எழுதியவை ‘ரயில் இஞ்சின்’ என்று பொருள்படும் பெயருள்ள கையச்சு இதழில் வந்தன. அவற்றை இன்று எடுத்துப் பார்த்தால் கண்ணில் படுவது கண்ணீரைவிட எண்கள்தான். ஒரு பள்ளி நடக்க எவ்வளவு செலவாகிறது, அதில் பெற்றோர் தலையில் விழுவது எவ்வளவு என்று ஒரு குழு கணக்குப் போட்டது. புகையிலை பயிரிட்டால் கையில் என்ன நிற்கும் என்று கணக்கு. வறுமை என்ற சொல்லை எல்லோரும் அறிவார்கள். அதன் வரவுசெலவை உட்கார்ந்து போட்டவர்கள் இந்தப் பிள்ளைகள்.

எகுச்சி கோஇச்சி என்ற மாணவனின் கட்டுரை அவற்றில் தனியாக நிற்கிறது. தந்தை முன்பே போய்விட்டார். 1949 நவம்பரில் தாயும் இறந்தார். தம்பி தங்கையை உறவினர் வீடுகளுக்குப் பிரித்து அனுப்ப வேண்டிய நிலை. கையில் இருப்பது துண்டு நிலமும் கடனும். அம்மா இறந்ததையும் அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதிய அந்தப் பையன், துக்கத்தை இரண்டு மூன்று இடங்களில் சொல்லிவிட்டு நேரே கணக்குக்குப் போகிறான். புகையிலையில் இவ்வளவு வரும், சாப்பாட்டுக்கு இவ்வளவு போகும், மீதிக்கு எங்கே போவது? ஆயுள் முழுக்க உழைத்த அம்மாவுக்கு ஏன் கடைசிவரை விடிவு வரவில்லை, உழைப்புப் போதவில்லையா, நிலம் போதவில்லையா? அவன் பள்ளிக்கு வரமுடியாமல் போனபோது வகுப்புத் தோழர்கள் போய் விறகு சுமந்தார்கள், வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1950இல் அந்தக் கட்டுரைக்குக் கல்வி அமைச்சரின் பரிசு கிடைத்தது. பத்து ஆண்டுக்கு முன்னால் வாத்தியாரை உள்ளே தள்ளக்கூடிய எழுத்துக்கு அரசு கொடுத்த பரிசு!

1951 மார்ச்சில் அந்த வகுப்பின் எழுத்துகள் ‘எதிரொலிப் பள்ளி’ என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்பில் புத்தகமாக வந்தன. நாடு முழுக்க விற்றது. அடுத்த ஆண்டே இமாய் தடாஷி இயக்கத்தில் திரைப்படமும் ஆனது. தொக்கியோவில் இருந்து பார்வையாளர்கள் மலையேறி வந்தார்கள். கிராமத்தில் அவ்வளவு சந்தோஷமில்லை. நம் வீட்டு அடுப்பை ஊருக்கெல்லாம் திறந்து காட்டிவிட்டான் என்ற முணுமுணுப்பு. அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பெயரோடு, கடன் தொகையோடு, அம்மாவின் சாவோடு அச்சில் ஏறியவை அந்த வீடுகள். புகழ் வாத்தியாருக்கும் பதிப்பாளருக்கும் போனது என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை. 1954இல் முச்சாகு ஊரை விட்டுத் தொக்கியோ போனார். பிற்காலத்தில் பிள்ளைகளின் கேள்விகளுக்கு வானொலியில் பதில் சொல்லும் குரலாக நாடறிந்தவர் ஆகி, 2023இல் தொண்ணூற்றாறு வயதில் மறைந்தார். எகுச்சி ஊரிலேயே இருந்தார். முப்பதைச் சற்றே தாண்டிய வயதில், 1967இல் இறந்துபோனார்.

புத்தகங்கள் எங்கே போய் விழும் என்று எழுதியவர்களுக்குத் தெரியாது. ‘எதிரொலிப் பள்ளி’ யொக்கைச்சி நகரத்துக் கம்பளி நூற்பாலை ஒன்றில் விழுந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பலர் மலைக் கிராமங்களில் இருந்து வந்த இளம் பெண்கள், பள்ளியை முடித்த கையோடு ஆலை விடுதிக்கு வந்தவர்கள். அவர்களோடு வேலை பார்த்த சவாய் யொஷிரோ என்ற இளைஞர் ஒரு எழுத்து வட்டத்தைக் கூட்டினார். அந்த மலைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதியதைப் போல நாமும் எழுதினால் என்ன? 1952இல் ‘என் வீடு’ என்ற கையச்சுத் தொகுப்பு வந்தது. பிறகு தங்கள் அம்மாக்களின் வாழ்க்கையை விசாரித்து எழுதினார்கள். அது ‘அம்மாக்களின் வரலாறு’ என்று 1954இல் அச்சுப் புத்தகமானது.

அதே யொக்கைச்சியில், கடலோரம் இருந்த பழைய கடற்படை எரிபொருள் கிடங்கு எண்ணெய் நிறுவனங்களின் கைக்குப் போனது. 1959இல் நாட்டின் முதல் பெரிய பெட்ரோலிய ரசாயன வளாகங்களில் ஒன்று அங்கே இயங்கத் தொடங்கியது. வளாகத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ‘கொம்பினாட்டோ’, ரஷ்ய மொழியில் இருந்து வாங்கிய சொல். சில மாதங்களிலேயே விரிகுடா மீனில் எண்ணெய் நாற்றம். சந்தையில் வாங்க ஆளில்லை. இஸோஸு என்ற மீனவக் குப்பத்தில் இரவில் மூச்சுத்திணறல். கந்தகப் புகை. சவாய் மறுபடி எஃகு முனைப் பேனாவை எடுத்தார். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு நோயாளிகளின் படுக்கையருகே போனார், கேட்டதை மெழுகுத் தாளில் எழுதி உருளை ஓட்டினார். 2015இல் இறக்கும்வரை அவர் சேர்த்தவைதான் இன்று அந்த நகரத்து நோயின் ஆவணக் களஞ்சியம். பள்ளிப் பிள்ளைகளிடம் கற்ற தொழிலை வைத்து ஒரு ஆலைத் தொழிலாளி செய்த வேலை அது.

இனி மீன்களிடம் திரும்பலாம்.

1963 டிசம்பரில் ஷிஸுஒகா மாகாண அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. ஃபூஜி மலையின் தெற்கே மிஷிமா, நுமாஸு நகரங்களும் ஷிமிஸு என்ற சிற்றூரும் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, ஒரு ரசாயன ஆலை, ஒரு அனல் மின்நிலையம் என்று மூன்றும் சேர்ந்த வளாகம் வரும். வேலை வரும், வரி வரும். மிஷிமாக்காரர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். ஃபூஜியின் பனி உருகி ஊற்றாகப் பொங்கும் ஊர் அது. நிலத்தடி நீரை உறிஞ்சிய ஒரு செயற்கை இழை ஆலை வந்தபின் ஊற்றுகள் வற்றியதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். பஸ் பிடித்து யொக்கைச்சிக்குப் போனார்கள். விவசாயிகள், மீனவர்கள், வீட்டுப் பெண்கள் எனப் பலர். நாற்றத்தை மூக்காலேயே தெரிந்துகொண்டு, நோயாளிகளின் பேச்சை ஒலிநாடாவில் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

மிஷிமாவில் தேசிய மரபியல் ஆய்வு நிறுவனம் இருந்தது. மட்சுமுரா செய்ஜி என்ற விஞ்ஞானியின் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு அமைந்தது. நுமாஸு தொழில்நுட்பப் பள்ளி ஆசிரியர்கள் சிலரும் அதில் இருந்தார்கள். நிஷியோகா அகியோ அவர்களில் ஒருவர். மாணவர்களைக் களத்தில் இறக்கியது அவர்கள்தான். மாணவர்கள் யார் என்பதையும் யோசிக்கவேண்டும். தொழில்நுட்பப் பள்ளிப் பையன்கள். படிப்பு முடிந்தால் ஆலை வேலைக்குப் போகிறவர்கள். வளாகம் வந்தால் முதலில் வேலை கிடைக்கக்கூடியவர்களில் அவர்களும் இருந்திருப்பார்கள்.

உயரமான புகைபோக்கி வைத்தால் புகை கலைந்து போய்விடும் என்பது திட்டக்காரர்கள் தரப்பு வாதம். அது சமவெளிக்குச் சரியாக இருக்கலாம். இங்கே ஒரு பக்கம் சுருகா விரிகுடா, மறுபக்கம் ஹக்கொனே மலை, வடக்கே அஷிடாகாவும் அதன் பின்னால் ஃபூஜியும். பகலில் கடற்காற்று உள்ளே தள்ளும், இரவில் நிலக்காற்று வெளியே இழுக்கும், மலை இரண்டையும் மடக்கித் திருப்பும். மாணவர்கள் நோட்டில் கொண்டுவந்த திசைகளை வரைபடத்தில் ஏற்றியபோது, அந்தச் சின்னப் பரப்புக்குள்ளேயே காற்று இடத்துக்கு இடம் வேறு போக்கில் ஓடுவது தெரிந்தது. காற்றளவுக் கருவி ஒரு நகரத்துக்கு ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். மே மாதத்தில் கெண்டை வீட்டுக்கு வீடு.

இதில் ஒரு குறையும் உண்டு. கூரைக்கு மேலே பறக்கும் மீன் கூரை உயரத்துக் காற்றைத்தான் சொல்லும். நூறு மீட்டர் மேலே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆசிரியர்கள் இதை மட்டும் நம்பி நிற்கவில்லை. மட்சுமுரா குழு வானிலைப் பதிவு, தண்ணீர், உடல்நலம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஆபத்து இருக்கிறது என்றது.

மத்திய அரசும் ஒரு குழு அனுப்பியது. குரொகாவா என்பவர் தலைமை. தொழிற்சாலை வருவதற்கு முன்பே மாசு எப்படி இருக்கும் என்று ஜப்பானிய அரசு ஆராய்ந்தது அதுதான் முதல்முறை. அவர்களிடம் விமானம் இருந்தது, காற்றுச் சுரங்கச் சோதனை இருந்தது. தக்க ஏற்பாடு செய்தால் தீங்கைத் தவிர்க்கலாம் என்றது அந்த அறிக்கை. ஊர்க்காரர்கள் அந்த அறிக்கையையும் வரிவரியாகப் படித்தார்கள். ஆகஸ்டில் தொக்கியோவில் இரு குழுக்களும் எதிரெதிரே உட்கார்ந்தபோது கேள்வி கேட்டவர்கள் பள்ளி வாத்தியார்கள், தடுமாறியவர்கள் அரசு நிபுணர்கள்.

நடுவில் ஊர் முழுக்கக் கூட்டங்கள். பள்ளி, கோயில், சங்கக் கட்டடம் என்று கிடைத்த இடத்தில் சிலைடு காட்டி, ஒலிநாடா போட்டு, கரும்பலகையில் காற்றை வரைந்து காட்டும் படிப்புக் கூட்டங்கள். முந்நூறுக்கும் மேல் நடந்தன. மேடைப் பேச்சுக் கேட்டுக் கைதட்டிப் பழகிய நமக்கு இந்தக் கூட்டங்களைக் கற்பனை செய்வது கொஞ்சம் கடினம். அவை பெரியவர்கள் உட்கார்ந்த வகுப்பறைகள். மே 23 அன்று மிஷிமா மேயர் திட்டத்தை எதிர்ப்பதாக அறிவித்தார். செப்டம்பர் 13 அன்று நுமாஸுவில் 25,000 பேர் திரண்டார்கள். ஐந்து நாள் கழித்து நுமாஸு மேயரும் கைகழுவினார். அக்டோபரில் ஷிமிஸு. அந்த மாதம்தான் தொக்கியோவில் ஒலிம்பிக் தொடங்கியது. வளர்ச்சிக் கொண்டாட்டத்தின் உச்சியில் வளர்ச்சித் திட்டம் ஒன்று வேண்டாம் என்று அனுப்பப்பட்டது. மூன்றாண்டில், 1967இல், மாசுக் கட்டுப்பாட்டுக்கான அடிப்படைச் சட்டம் வந்தது. நுமாஸுவில் அரசுத் தரப்பு கண்ட தோல்வியின் அதிர்ச்சி அதற்கு ஒரு காரணம் என்பது அந்தக் காலத்தை எழுதியவர்கள் பலரின் கருத்து.

யொக்கைச்சிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கே வளாகம் ஏற்கெனவே வந்துவிட்டது. வளாகத்தை ஒட்டியிருந்த ஷியொஹாமா தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் முகமூடி மாட்டிக்கொண்டு வந்தார்கள். தினமும் பல தடவை தொண்டை கொப்புளித்தார்கள். வரிசையாக நின்று கொப்புளிக்கும் அந்தப் படம் இன்றும் கண்காட்சிகளில் தொங்குகிறது. இஸோஸு நோயாளிகள் ஒன்பது பேர் 1967இல் ஆறு நிறுவனங்கள்மேல் வழக்குப் போட்டு, 1972 ஜூலை 24 அன்று ஜெயித்தார்கள்.

அந்தப் பள்ளிக்கு ஒரு பள்ளிப் பாட்டு உண்டு. துறைமுக ஓரத்தில் வரிசையாக நிற்கும் தொழிற்சாலைகளை நாட்டின் நம்பிக்கை ஒளியாகப் போற்றிய பாட்டு. முகமூடியைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகள் பாடியது அதைத்தான். 1972இல் அந்த வரிகளை மாற்றினார்கள். தொழிற்சாலைகள் நின்ற இடத்தில் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல் வந்தது. மெட்டு பழையதே.